மாதா கோயிலைப் பார்த்து நின்ற ஆண்டெனா

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் பல வருடம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், ஒரு பத்தி எழுதுவேன், மடித்து பைபிளுக்குள் வைப்பேன். கொஞ்ச நாள் கழித்து நானே கிழித்துப் போட்டுவிடுவேன். என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு.

எங்கள் ராயபுரம் கோயில் பங்கில் ஒரு கதை உலவுகிறது. காசிமேட்டுப் பக்கம் ஒரு வீட்டில் டி.வி. படம் இரட்டையாக விழுந்ததாம். ஒரு மெக்கானிக் மொட்டை மாடியில் ஏறி, ஜெபம் சொல்லிக்கொண்டே ஆண்டெனாவை மாதா கோயில் பக்கம் திருப்பினாராம். படம் பளிச்சென்று ஆகிவிட்டதாம். அதோடு, அந்த வீட்டில் பிறவியிலேயே காது கேளாத பெண் குழந்தைக்கு அந்த நிமிடமே காது கேட்டதாம்.

அந்த மெக்கானிக் நான்தான். ஆண்டெனாவைத் திருப்பியது உண்மை. அது கோயில் பக்கம் நின்றதும் உண்மை. மற்றது நடந்தபடி இல்லை. இல்லை என்று சொன்னால் மாதாவுக்கு எதிராகப் பேசுகிறவன் ஆகிவிடுவேனோ என்று பயந்தேன். ஜெபமாலை சொல்லாமல் நான் படுத்த நாள் கிடையாது. அப்படிப்பட்டவன் எப்படி வாய் திறப்பது?

இப்போது துணிந்ததற்கு இரண்டு காரணம். போன மாதம் எங்கள் வீட்டு டி.வி.க்கு செட்-டாப் பெட்டி மாட்ட வந்த தம்பி, நான் பழைய டி.வி. மெக்கானிக் என்று தெரிந்ததும் கேட்டான்: "அண்ணாத்த, அந்தக் காலத்துல படம் ரெட்டையா வியுமாமே, மெய்தானா? அத்த எப்டி சரி பண்ணுவீங்க?" இது ஒன்று. இன்னொரு காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தத் தம்பியின் மேல் குறை இல்லை. இப்போது படம் வந்தால் முழுசாக வருகிறது, வராவிட்டால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. அப்போது அப்படி இல்லை. டி.வி. நிலையத்து டவரிலிருந்து கிளம்பும் சிக்னல் நேராக நம் ஆண்டெனாவுக்கு வரும். அதே சிக்னல் எங்கோ ஒரு பெரிய சுவரில் மோதித் திரும்பி, சுற்றுவழியில் சற்றுப் பிந்தியும் வரும். டி.வி. பாவம், வந்த இரண்டையும் வரையும். முதலில் வந்தது அழுத்தமாக விழும். பிந்தி வந்தது அதற்கு வலது பக்கம் தள்ளி மங்கலாக விழும். ஒருவர் நின்றால் இருவர் நிற்பார்கள். இதைத்தான் நாங்கள் கோஸ்ட் என்போம்.

நான் தொழில் கற்ற கதை பெரிதல்ல. ரேடியோ ரிப்பேர் வகுப்பு கொஞ்ச காலம், விம்கோ நகரில் ஒரு கடையில் ஸ்பீக்கர் மாற்றும் வேலை கொஞ்ச காலம். கல்யாணமாகி, பிள்ளைகளும் பிறந்த பிறகு வண்ணாரப்பேட்டையில் ஹமீது பாயின் சர்வீஸ் கடைக்கு வந்தேன். கடைசி வரை அங்கேதான்.

பாய் கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்துவிட்டுக் கரைக்கு வந்தவர். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். திட்ட மாட்டார், கத்த மாட்டார். ஆனால் அவர் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஒரு வீட்டுக்குப் போனால், அந்த வீட்டுக்காரர் உட்கார்ந்து டி.வி. பார்க்கும் இடத்தில் நாம் உட்கார வேண்டும். அவர்கள் கொடுக்கும் டீயைக் குடிக்க வேண்டும். குடித்து முடிக்கும் வரை படத்தை மட்டும் பார்க்க வேண்டும். டம்ளர் காலியாகும் முன்னால் ஸ்க்ரூ டிரைவர் பையிலிருந்து வெளியே வரக் கூடாது.

"டீ குடுக்காத வூட்ல இன்னா பாய் பண்றது?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"தண்ணி கேளு. தண்ணி குடுக்காத வூட்டு டி.வி.ய நாம ரிப்பேர் பண்ணவே வாணாம்."

பக்கத்துக் கடைகளெல்லாம் துணிக்கடை, தையல் கடை. அங்கிருந்து தையல்காரர்கள் துணியில் கோடு போடும் சாக்குக் கட்டியை பாய் வாங்கி வைத்திருப்பார். எங்கள் எல்லோர் பையிலும் ஒன்று இருக்கும். கோஸ்ட் என்று புகார் வந்தால், படத்தில் நேராக நிற்கும் ஏதாவது ஒன்றை, ஒரு தூணையோ கதவு ஓரத்தையோ பார்த்து, கண்ணாடியின் மேல் அதன் விளிம்பில் ஒரு கோடு போட வேண்டும். கோஸ்டின் விளிம்பில் இன்னொரு கோடு. நடுவில் எவ்வளவு என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டும். விரல் அகலம் வந்தால் சிக்னல் சுமார் அரை கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். ஒட்டினாற்போல விழுந்தால் வெளியே தேட வேண்டாம், ஆண்டெனாவிலிருந்து இறங்கும் வயரிலேயே கோளாறு.

எந்தப் பக்கம் விழுகிறது என்பதும் முக்கியம். புளியந்தோப்பில் ஒரு குடியிருப்பில் கோஸ்ட் இடது பக்கம் விழுந்தது. எனக்கு முன்னால் வந்த மெக்கானிக்குகள் டியூனரையே மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். நான் கடைக்கு வந்து சொன்னேன். பாய் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "பிந்தி வர்றவன் வலது பக்கம் நிப்பான். இடது பக்கம் நின்னா எவனோ முந்திக்கினு வர்றான். யாருன்னு பாரு." பார்த்தேன். கேபிள்காரர் வயர் பேட்டையெல்லாம் சுற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் காற்றில் வந்த சிக்னல், டி.வி.க்குப் பின்னால் தோல் உரிந்து கிடந்த ஜாயின்ட் வழியாக முந்திக்கொண்டு உள்ளே நுழைந்தது. ஜாயின்டைப் புதிதாகப் போட்டேன். இடது பக்கத்து ஆள் போய்விட்டான்.

இப்போது பிலோமினா வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருடம் இருக்கும். மழைக்காலம் தொடங்கியிருந்தது. காசிமேட்டில் மீன் விற்கும் பிலோமினா, காலிக் கூடையோடு கடை வாசலில் வந்து நின்றது.

"இங்க யாருபா பெரிய மெக்கானிக்?"

பாய் என்னைக் காட்டினார். "பெரிய மெக்கானிக் அவருதான். நான் சொம்மா டீ குடிக்கிறவன்."

"அண்ணே, எங்க வூட்டு டி.வி. பயசு. எங்க அப்பா சீதனமா குடுத்தது. ஒரு நாள் கெட்டது கெடையாது. இப்போ ஞாயித்துக்கெயம மட்டும் ஒருத்தி வர்ற எடத்துல ரெண்டு பேரா வர்றாளுங்க."

"மத்த நாளு?"

"மத்த நாளு அத்த யாரு பாக்குறது? எனக்கு ஞாயித்துக்கெயம மத்தியானம் ஒண்ணு போதும்."

மறுநாளே போனேன். முதல் மாடியில் ஒரே அறை வீடு. டி.வி. மரப்பெட்டி, நான்கு கால், இழுத்து மூடும் மரக்கதவு, கடகடவென்று திருகும் சேனல் குமிழ். கறுப்பு வெள்ளை. உள்ளே வால்வு சூடாகிப் படம் வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்தப் பெட்டிக்குக் கேபிள் சேனல் பாதிக்கு மேல் வராது என்பதால் மாடியில் ஆண்டெனாவை வைத்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தேன், டீ குடித்தேன். படம் நன்றாக இருந்தது.

"நான்தான் சொன்னேனே, ஞாயித்துக்கெயம வான்னு," என்றது பிலோமினா.

ஞாயிறு என்ன அப்படி முக்கியம் என்று கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டியது. முதல் நற்கருணை வெள்ளை கவுனில் ஒரு சிறுமி.

"ஜெனி. ஒரே பொண்ணு. பொறந்ததுலேந்தே காது கேக்காது. தூரத்துல ஹாஸ்டல் வெச்ச ஸ்கூல்ல படிக்கிது. அங்க எல்லாம் கையாலயே பேசிக்கிறாங்க. பரீட்ச லீவுக்குக் கூட்டியாரப் போனேன். வரமாட்டேன்னுட்டா." "சிஸ்டர்கிட்ட கேட்டேன். 'வீட்ல பேச ஆள் இல்லன்னு சொல்றா'ன்னாங்க. மெய்தானே அண்ணே. இங்க வந்தா நாங்க ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கினு கீறோம். அவ ஜன்னல்ல ஒக்காந்துக்கினு கீறா."

ஞாயிறு மதியம் காது கேளாதவர்களுக்கென்று ஒரு செய்தி வரும். ஒரு அம்மா வாயால் சொல்லிக்கொண்டே கையாலும் சொல்வார். அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், கிறிஸ்துமஸ் லீவுக்குள் நாலு வார்த்தையாவது வரட்டும் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். பிலோமினா ஞாயிறு மீன் கூடையைச் சீக்கிரம் காலி செய்துவிட்டு வந்து, அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடும். ஆனால் செய்தி வாசிக்கிற அம்மாவுக்கு நாலு கை. ஒரு விரல் காட்டுகிறாரா இரண்டு விரலா, தெரியாது. இரண்டு கையும் தொடுகிறதா, தாண்டுகிறதா, அதுவும் தெரியாது.

"போன தபா பாக்கப் போனப்போ 'வீடு'ன்னு காட்டுனேன். டி.வி.ல பாத்த மாதிரியேதான் காட்டுனேன்." இரண்டு கை விரல்களையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துப் பின்னிக் காட்டியது. "அவளுக்குப் புரியல. கொஞ்ச நேரம் பாத்தா, வெளையாடப் பூட்டா."

நான் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு முடிவு செய்தேன். இந்த கோஸ்டை எடுக்காமல் விடுவதில்லை. கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் எடுத்தே ஆக வேண்டும்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் நேராகப் போனேன். செய்தி வாசிக்கிற அம்மா வந்தார். வலது பக்கம் இன்னொரு அம்மா நின்றார். கோடு போட்டுப் பார்த்தேன், ஒரு விரல் அகலம். அதற்கு உள்ளேயே ஒட்டினாற்போல மெல்லிய இன்னொரு நிழலும் இருந்தது. மாடிக்கு ஏறினேன். உப்புக்காற்றில் வயர் முறுக்கும் இணைப்பும் பச்சை பூத்துக் கிடந்தன. அடுத்த வாரத்தில் வயரைப் புதிதாக இழுத்து, இணைப்பை மாற்றி, கம்பிகளைச் சுரண்டி, ஆண்டெனாவை டவருக்கு நேராகப் பார்த்து நிறுத்தினேன். அதற்கடுத்த ஞாயிறு படம் கண்ணாடி மாதிரி இருந்தது. பிலோமினா எனக்கு வஞ்சிரம் வறுத்துக் கொடுத்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு மதியம் மறுபடியும் கூப்பிட்டு அனுப்பியது. போனேன். மெல்லிய நிழல் போயிருந்தது. விரல் அகலத்து ஆள் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

எதிர்வீட்டு டில்லி கதவில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான். "இந்த மரப்பொட்டிய ஒடைச்சி அடுப்புல வெய்யி யக்கா. புது டி.வி. வாங்கு."

பிலோமினா அவனைக் கவனிக்கவில்லை. டி.வி.யின் மரக்கதவை இழுத்து மூடியது. என்னிடம் திரும்பி மெதுவாகச் சொன்னது:

"அண்ணே, கோச்சிக்காத. நீ கஷ்டப்பட்டுக்கினு கீற. ஆனா கோளாறு டி.வி.ல இல்ல. எங்க வூட்டுக்காரரு பூசைக்கு வராம வேலைக்குப் போற ஞாயித்துக்கெயம மட்டும்தான் இப்டி ஆவுது. போன வாரம் பூசைக்கு வந்தாரு, படம் எப்டி இருந்திச்சு? இன்னிக்கு விடிஞ்சதும் ஹார்பருக்குப் பூட்டாரு, பாரு எப்டி கீதுன்னு. நான் எத்தினி வாரமா பாத்துக்கினு வர்றேன். ஒரு தபாகூட தப்பல. எங்களுக்கு இது தண்டன."

வீட்டுக்காரர் இருதயராஜ். அவரிடமும் இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறது. "அட போம்மே, ஆண்டவருக்கு வேற வேல இல்ல? என் அட்டெண்டன்ஸ எடுத்துக்கினு கீறாரா?" என்று அவர் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். ஆனால் கிளம்பின மனுஷன் தெருமுனையில் நின்று கோயில் பக்கம் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டதை இதுவே ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறது.

யோசித்துப் பார்த்தால், நான் பார்த்த ஞாயிறுகளும் அந்த அம்மா சொன்னபடியேதான் இருந்தன. பூசைக்குப் போகாதது தவறு என்று நம்புகிறவன்தான் நானும். ஆனால் அப்பா பூசைக்குப் போகவில்லை என்று, பிள்ளையோடு பேச விரும்பும் தாயின் கண்ணையா ஆண்டவர் மறைப்பார்? நான் கும்பிடுகிற ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்லை. அதனால் இதற்கு வேறு காரணம் இருந்தே தீர வேண்டும். எனக்குப் பிடிவாதம் வந்தது அங்கேதான்.

மறுநாள் கடையில் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூசை விஷயத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தம்மாவுக்கு நல்ல கண்ணு. பாத்தது கரெக்ட்டு. பூச விஷயம் அவங்களுக்கும் ஆண்டவனுக்கும். அவரு ஞாயித்துக்கெயம இன்னா வேலைக்குப் போறாரு?"

"ஹார்பர்ல கார் கப்பல் வந்தா கூப்புடுவாங்களாம் பாய். உள்ள ஏத்துற கார்ங்கள பெல்ட்டு போட்டுத் தரையோட கட்டுற வேல."

பாய் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பாதி டீ இருந்தது. பாதி டீயோடு அவர் டம்ளரைக் கீழே வைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"சவரி, அந்தக் கப்பலப் பாத்துக்கீறியா நீ?"

"இல்ல பாய்."

"ஜன்னல் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அஞ்சாறு மாடி ஒசரம். தண்ணி மேல ஒரு இரும்புச் சொவரு. ஒன் விரலு இன்னா அளவு காட்டிச்சு?"

"ஒரு விரல் அகலம்."

"அரை கிலோமீட்டர் சுத்து. டவர்லேந்து கப்பலுக்குப் போயி, கப்பல்லேந்து அந்த வூட்டுக்கு வருது. அவரு வேலைக்குப் போறதால படம் கெடல. எந்தக் கப்பலுக்கு வேலைக்குப் போறாரோ, அந்தக் கப்பலால கெடுது."

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. உடனே மனசு சுருங்கியும் போனது. "கப்பல நாம இன்னா பாய் பண்ண முடியும்?"

"கப்பல வுடு. ஆண்டெனா கம்பியோட நுனிக்கு ஒண்ணும் தெரியாது. பக்கவாட்டுலதான் அது வாங்கும். நுனிய அந்தக் கப்பலுக்குக் காட்டு."

"அப்போ ஆண்டெனா டவரப் பாக்காதே பாய்."

"பாக்க வாணாமே. டவர் பெருசு, கத்திக்கினு கீது. ஓரக்காதுலயும் வியும். கொஞ்சம் மணல் கொட்டுனா மாதிரி இருக்கும், இருக்கட்டும். அந்தம்மாவுக்கு வேண்டியது அழகு இல்ல, விரலு."

இன்றைக்குப் படிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆண்டெனாவை டவருக்குக் காட்டு, எவ்வளவு உயரம் முடியுமோ ஏற்று என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். டவரை விட்டுத் திருப்பி நிறுத்துவது, பூட்டைத் திறக்கச் சாவியைக் கிணற்றில் போடுவது மாதிரி எனக்கு இருந்தது. ஆனால் அதற்கு முன் நான் செய்த எல்லாம் பாடத்தின்படி செய்தவை. கோஸ்ட் போகவில்லை.

அடுத்த ஞாயிறு கப்பல் வரவில்லை. இருதயராஜ் பூசைக்கு வந்திருந்தார். கப்பல்தான் காரணம் என்று அவரிடம் சொல்லி, அடுத்த கப்பல் வரும்போது தகவல் சொல்லச் சொன்னேன். படம் தெளிவு. பிலோமினாவுக்குச் சந்தோஷம், எனக்குத் தவிப்பு. கோஸ்ட் நின்றால்தானே அதைப் பிடிக்க முடியும்? கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. கோயிலில் மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்தார்கள். லீவுக்குப் பிள்ளையைக் கூப்பிடப் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை இருதயராஜே கடைக்கு வந்து வாசலில் நின்றார். "அண்ணே, நாளைக்குக் கப்பல் வந்து கட்டுது. எனக்கு வேல கீது. நீ சொன்னது மெய்யா இருந்தா நல்லது. வூட்ல இவ என்னிய தெனம் பாவின்றா." நான் அன்று சாயங்காலப் பூசைக்கே போய்விட்டு வந்தேன், மறுநாள் காலை முழுதும் கையில் இருக்கட்டும் என்று.

ஞாயிறு பாயும் வந்தார். அவர் சட்டப்படி பிலோமினா உட்காரும் இடத்தில் பாயும், பக்கத்தில் பிலோமினாவும் உட்கார்ந்தார்கள். நான் மாடிக்கு ஏறினேன். தென்கிழக்கே குடோன் கூரைகளுக்கு மேல் அது தெரிந்தது. வெள்ளை நிறத்தில், கப்பல் என்றே சொல்ல முடியாத ஒரு பெரிய பெட்டி. அதற்குள்தான் இருதயராஜ் கார் சக்கரங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு அருள்நிறை மரியே சொன்னேன். படம் தெளிய வேண்டும் என்று அல்ல, துரு ஏறின கிளாம்ப் கையோடு உடைந்து வராமல் இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

கிளாம்ப் உடையாமல் இளகிக் கொடுத்தது. கொஞ்சம் திருப்பினேன். கீழேயிருந்து பிலோமினாவின் குரல் வந்தது. மீன் ஏலம் கூவுகிற குரல், தெருவே கேட்கும்.

"ரெண்டு!"

இன்னும் கொஞ்சம்.

"ரெண்டு! ரெண்டுதான்!"

டில்லியும் மாடிக்கு ஏறி வந்துவிட்டான். "இன்னா நைனா, டவர் அந்தாண்ட கீது, நீ இந்தாண்ட திருப்பிக்கினு கீற? மாதா கோயில்லேந்து படம் வருதா?"

அப்போதுதான் பார்த்தேன். கம்பிகளின் நுனி கப்பலை நோக்கிப் போகப் போக, ஆண்டெனாவின் முகம் தென்மேற்கே எங்கள் கோயில் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஊரெல்லாம் சொல்கிற கதை டில்லியின் அந்தக் கிண்டலில்தான் பிறந்தது.

"புது டி.வி. வாங்கச் சொன்னதே நீதானே?" என்று கீழேயிருந்து பாய் குரல் கொடுத்தார். "வாங்கியிருந்தா ரெண்டு பொம்பளையும் கலர்ல வந்திருப்பாங்க. சவரி, நீ திருப்பு!"

திருப்பினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கம்பியின் நுனி வழியாகப் பார்த்தேன். நுனி, அதற்கு நேராக வெள்ளைச் சுவர்.

கீழே சத்தம் இல்லை.

"இன்னாச்சு?" என்று கத்தினேன். படமே போய்விட்டது என்று நினைத்தேன். மறுபடி கத்தினேன். பாய்தான் பதில் சொன்னார்: "டைட் பண்ணு. கைய எடுக்காம டைட் பண்ணு."

முறுக்கிவிட்டு ஓடி இறங்கினேன். திரையில் மணல் கொட்டினாற்போலப் புள்ளிகள் இருந்தன. நடுவில் செய்தி வாசிக்கிற அம்மா, ஒரே ஒருவர், இரண்டே கை. பிலோமினா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் திரையில் இருந்தது. மடியிலிருந்த கை இரண்டும் அந்த அம்மாவின் கைகளைப் போலவே அசைந்துகொண்டிருந்தன. பாய் உதட்டில் விரலை வைத்து என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். செய்தி முடிகிற வரை நாங்கள் இருவரும் சுவரோரம் நின்றோம்.

அன்று செய்தியில் மழையில் இடிந்த வீடுகள் பற்றி ஏதோ வந்தது. அந்த அம்மா 'வீடு' என்று காட்டினார். விரல்கள் பின்னவில்லை. இரண்டு கையின் விரல்நுனிகளும் கூரை மாதிரி சாய்ந்து, உச்சியில் தொட்டுக்கொண்டன, அவ்வளவுதான். பிலோமினா தன் கைகளைப் பார்த்தது. பின்னியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது.

அதன் பிறகு கப்பல் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, படம் கெடவில்லை. பிலோமினா ஒரு ஞாயிறும் விடவில்லை. கற்றதைக் கூடையைச் சுமந்துகொண்டே மனசுக்குள் சொல்லிப் பார்க்கும். இருதயராஜுக்கும் கற்றுக்கொடுத்தது. லீவுக்குக் கூப்பிடப் போன அன்று நடந்ததை அதுவே கடைக்கு வந்து பாயிடமும் என்னிடமும் சொன்னது:

"முன்னாடி நின்னேன் அண்ணே. 'வீடு'ன்னேன், 'வா'ன்னேன். அவ பாத்துக்கினே நின்னா. எங்கிட்ட வந்து என் ரெண்டு கையையும் புடிச்சா. நான் கொஞ்சம் கோணலா வெச்சிருந்தேன் போல. விரல்நுனிய நேரா தொடுற மாதிரி சேத்து வெச்சா. அப்பால உள்ள ஓடிப் போயி துணிப் பொட்டியத் தூக்கிக்கினு வந்துட்டா."

பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு டீ சொல்லி அனுப்பினார்.

அந்தக் கிறிஸ்துமஸ் பூசையில் மூன்று பேரையும் பார்த்தேன். பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது தாயும் மகளும் கையால் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோயிலில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. அன்று பிடித்தது.

இனி இரண்டாவது காரணம். பாய் இப்போது இல்லை. அந்த மரப்பெட்டியும் இல்லை. ஜெனி பெரிய பெண்ணாகி, வேலை பார்த்து, கல்யாணமாகி, கையில் குழந்தையோடு இருக்கிறாள். சில வாரங்களுக்கு முன் பூசை முடிந்ததும் என்னிடம் வந்து போனில் எழுதிக் காட்டினாள்: "அங்கிள், எனக்குக் காது கேட்டுச்சுன்னு யார் சொன்னது?" நான் தலைகுனிந்தேன். அவள் இன்னும் எழுதினாள்: "எனக்கு இன்னிக்கும் கேக்காது. அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா எங்க அம்மா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உக்காந்து கத்துக்கிட்டாங்களே, அதை மட்டும் ஏன் யாருமே சொல்றதில்ல? நீங்க எழுதுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க."

அன்று பைபிளைத் திறந்து, கடைசியாக மடித்து வைத்திருந்த தாளை எடுத்து, இந்த முறை கிழிக்காமல் எழுதி முடித்தேன்.

மாதா எனக்குத் தாய். அவர் செய்யாத ஒன்றை அவர் பேரில் எழுதி வைப்பது அவருக்குப் பெருமை என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைக்காக ஒரு தாய் பட்ட பாடு என்னவென்று அவருக்குத் தெரியும். அந்தப் பாட்டை மறைத்துவிட்டுத் தன்னைப் புகழச் சொல்ல மாட்டார்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கு என் விண்ணப்பம். வீட்டில் சொல்லுங்கள், அன்பியக் கூட்டத்தில் சொல்லுங்கள், மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். படத்தைக் கெடுத்தது கப்பல். அதைக் கண்டுபிடித்தவர் ஹமீது பாய். ஆண்டெனா கோயிலைப் பார்த்து நின்றதற்குக் காரணம், அதன் நுனி கப்பலைப் பார்க்க வேண்டியிருந்தது. ஜெனிக்குக் காது கேட்கவில்லை. அவள் அம்மா கையால் பேசக் கற்றுக்கொண்டார், அதனால் பிள்ளை வீட்டுக்கு வந்தது.